மெனுவில் பெயரை மாற்றினாலும் பழைய பெயரே வருது, அவசரம்

வாசிகசாலை_ஹட்டன்: வணக்கம். எங்க தோட்டத்து வாசிகசாலை கம்ப்யூட்டர்ல மெனுவைத் திறந்தா துனார், அட்ரில், பரோல், ரிஸ்ட்ரெட்டோன்னு ப்ரோகிராம் பெயர்கள் வருது. எதுல படம் பார்க்கிறது, எதுல பாட்டுக் கேட்கிறதுன்னு பிள்ளைகளுக்குத் தெரியல. தமிழ்ல பெயர் போட்டேன். சிலது மாறவே இல்ல. மாறினதும் அப்டேட்டுக்குப் பிறகு பழையபடி ஆயிடுச்சு. சனிக்கிழமை வகுப்பு, யாராவது சொல்லுங்க.

பதுளை_பையன்: விண்டோஸா, லினக்ஸா? எங்க போய் மாத்தினீங்க?

மஸ்கெலியா_டெக்: ஃபொன்ட் பிரச்சினைதான். நோட்டோ சான்ஸ் தமிழ்ங்கிற ஃபொன்டைப் போடுங்க.

பதுளை_பையன்: ஃபொன்ட் இல்லாட்டி கட்டம் கட்டமா வரும். இவருக்குப் பழைய பெயர்ல வருதே.

மஸ்கெலியா_டெக்: எதுக்கும் ஃபொன்டைப் போட்டுப் பார்க்கட்டும்.

வாசிகசாலை_ஹட்டன்: லினக்ஸ்தான், ஸுபுண்டு. யூஎஸ்ஆர் / ஷேர் / அப்ளிகேஷன்ஸ் ஃபோல்டர்ல ஒவ்வொரு ப்ரோகிராமுக்கும் இருக்கிற மெனு ஃபைலைத் திறந்து 'நேம்=' வரியை மாத்தினேன்.

ரூட்_கண்டி: அடிப்படையைப் படிக்காம சூடோ போட்டு, அதாவது அட்மின் அதிகாரத்தோட, சிஸ்டம் ஃபைல்ல கை வைக்கிறது இங்க பலருக்குப் பழக்கமாப் போச்சு. அந்த ஃபோல்டர்ல இருக்கிறது ப்ரோகிராமோட இன்ஸ்டோல் ஆகிற பேக்கேஜுக்குச் சொந்தம். அப்டேட் வந்தா உங்க மாற்றத்துக்கு மேலேயே எழுதிடும். மாறாத ஃபைல்ல 'நேம்[இஎன்_ஜிபி]=' வரி இருக்கான்னு பாருங்க. சிஸ்டம் பிரிட்டிஷ் இங்கிலீஷ்ல ஓடினா அந்த வரியைத்தான் எடுக்கும், வெறும் 'நேம்' வரியைப் பார்க்காது. கட்டளை அடிக்கிற டெர்மினல்ல 'லோகேல்' அடிச்சா சிஸ்டத்தோட மொழி காட்டும், என்ன வருதுன்னு சொல்லுங்க.

தலவாக்கலை_டீச்சர்: அவர் பிள்ளைகளுக்காகச் செய்றார், கொஞ்சம் பக்குவமாச் சொல்லலாமே. ஆனா பெயரை முழுசா மாத்துறது எனக்குச் சரியாப் படல. நாளைக்கு வேற இடத்துல போய் உட்கார்ந்தா அங்க இங்கிலீஷ் பெயர்தான் இருக்கும்.

பதுளை_பையன்: டீச்சர், ரிஸ்ட்ரெட்டோங்கிற பெயரை எந்த ஒஃபிஸ்ல கேட்பாங்க? ஓ.எல். பரீட்சையில ஐ.சி.டி. (கம்ப்யூட்டர்) பாடத்தையே தமிழ் மீடியத்துல எழுதுறாங்க.

தலவாக்கலை_டீச்சர்: தமிழ் வேணாம்னு நான் சொல்லல தம்பி. ரெண்டும் இருக்கட்டும், 'ரிஸ்ட்ரெட்டோ - படம் பார்க்க'ன்னு. முதல் தடவையா மவுஸ் பிடிக்கிற பிள்ளைக்கு எது செய்யும்னு தெரியணும். பெயர் பிறகு பழகிடும்.

மஸ்கெலியா_டெக்: நீளமா வச்சா மெனுவில பாதிதான் தெரியும். ஸுபுண்டுல இருக்கிற மெனுவுக்கு விஸ்கர் மெனுன்னு பேர். அதோட செட்டிங்ஸ்ல, ப்ரோகிராம் பெயருக்குப் பதிலா அது என்ன வகைன்னு சொல்ற பொதுப் பெயரைக் காட்டுற தெரிவு இருக்கு, அதைப் போட்டா போதும்.

ரூட்_கண்டி: போட்டா இங்கிலீஷ்ல 'இமேஜ் வியூவர்'னு வரும். அவர் கேட்டது தமிழ். நீளம் பயம்னா அதே ஃபைல்ல விளக்கத்துக்கு இருக்கிற 'கமென்ட்' வரியில தமிழை எழுதட்டும், விஸ்கர் அதைப் பெயருக்குக் கீழே காட்டும். அங்கேயும் ஜிபி வரி இருந்தா அதையும் மாத்தணும்.

வாசிகசாலை_ஹட்டன்: லோகேல்ல இஎன்_ஜிபின்னுதான் வருது. அப்ப ஃபைலை எங்க வைக்கணும்?

பதுளை_பையன்: பிள்ளைகள் உங்க லொகின்லயா வேலை செய்றாங்க, தனி அக்கவுண்டா?

வாசிகசாலை_ஹட்டன்: தனி.

ரூட்_கண்டி: இதை முதல்லயே சொல்லியிருக்கணும். ஹோம்ல இருக்கிற டொட்-லோக்கல் / ஷேர் / அப்ளிகேஷன்ஸ்ல வச்சா உங்களுக்கு மட்டும்தான் தெரியும். எல்லாருக்கும்னா யூஎஸ்ஆர் / லோக்கல் / ஷேர் / அப்ளிகேஷன்ஸ். அந்த ஃபோல்டர் இல்லாட்டி உருவாக்குங்க. மூல ஃபைலை அதே பெயர்ல அங்க கொப்பி பண்ணி, கொப்பியில மட்டும் மாத்துங்க. அப்டேட் அதைத் தொடாது.

வாசிகசாலை_ஹட்டன்: வந்துடுச்சு. பிள்ளைகள் அக்கவுண்ட்லயும் தெரியுது. எல்லாருக்கும் நன்றி.

தலவாக்கலை_டீச்சர்: கடைசியில எந்த மாதிரிப் பெயர் வச்சீங்க? ஒரு ஸ்கிரீன்ஷொட் போடுங்க, எங்க பள்ளிக்கூடத்துக்கும் இதே வேலை இருக்கு.