ஜீப்புக்கு காமன் ரெயில் எஞ்சின் மாத்தியாச்சு, புது ஆக்சிலேட்டர் பெடல் ஒத்து வரல: உதவி வேணும்

ஏலக்காட்டு ஜீப்:
அண்ணன்மாரே, வண்டன்மேடு பக்கம் தோட்டத்துக்கு ஓடுற பழைய மஹிந்திரா ஜீப். பியூஜோ டீசலை இறக்கிட்டு பொலிரோவோட 2.5 லிட்டர் காமன் ரெயில் எஞ்சினை ஈசியூ (எஞ்சினை கண்ட்ரோல் பண்ற கம்ப்யூட்டர்), வயரிங்கோட ஏத்தியாச்சு. முன்ன கேபிள், இப்ப பெடல்ல இருந்து ஆறு வயர். பொலிரோ பெடல் இடத்துல உக்காரலன்னு வெளியில ஒரு சின்ன பெடல் வாங்கி மாட்டினோம். ஸ்டார்ட் ஆகுது, ஐடிலும் சுத்தம். மிதிச்சா 1,500 ஆர்பிஎம் தாண்டல. ஸ்கேனர்ல பி2138னு எரர் கோடு வருது.

ரெண்டு சிக்னல் வயரையும் ஒண்ணா முறுக்கிடலாம்னு எலக்ட்ரீசியன் சொல்றார். செய்யலாமா? விடியக்காலையில கம்பத்துல ஆள் ஏத்திட்டு கம்பம்மெட்டு மலை ஏறுற வண்டி, பயமா இருக்கு.

கூடலூர்க்காரன்:
பெடல் எர்த்தை பாடியில கொடுத்திருக்கீங்களா தம்பி? ரெண்டு எர்த் வயரும் ஈசியூ கனெக்டருக்கே திரும்பிப் போகணும். பாடி எர்த்ல கால் வோல்ட் ஏறினாலே கணக்கு கெட்டுடும்.

ஏலக்காட்டு ஜீப்:
ஈசியூவுக்குத்தான் போகுதுண்ணே.

பழைய வயரிங் ஆள்:
முறுக்கவே முறுக்காதீங்க தம்பி. பெடலுக்குள்ள தனித்தனியா ரெண்டு சென்சார் இருக்கு. ஒவ்வொண்ணுக்கும் 5 வோல்ட், எர்த், சிக்னல், அதான் ஆறு வயர். ஒண்ணு பொய் சொன்னா இன்னொண்ணை வச்சு ஈசியூ பிடிச்சுடும். அப்படிப் பிடிச்சதுதான் உங்க பி2138, ரெண்டு வோல்டேஜும் பொருந்தலன்னு அர்த்தம். ரெண்டு பெடலையும் மல்டிமீட்டர்ல அளந்து போடுங்க.

ஏலக்காட்டு ஜீப்:
பொலிரோ பெடல்: விட்டா 0.76, 0.38. முழுசா மிதிச்சா 3.80, 1.90.
புதுசு: விட்டா 0.80, 1.60. மிதிச்சா 3.60, 4.40.

பழைய வயரிங் ஆள்:
விஷயம் இதுதான். உங்க ஈசியூவுக்கு ரெண்டாவது சிக்னல் எப்பவும் முதலாவதுல பாதியா வரணும். புது பெடல்ல எந்த இடத்துலயும் 0.80 கூடத்தான் நிக்குது. அது வேற வண்டிக்கான கணக்கு.

கூடலூர்க்காரன்:
ரெசிஸ்டர் போட்டு இறக்கினா?

பழைய வயரிங் ஆள்:
ஆகாதுண்ணே. 1.60-ஐ 0.40 ஆக்க நாலுல ஒரு பங்கா இறக்கணும். அதே ரெசிஸ்டர்ல 4.40 வந்து 1.10 ஆகும், அங்க வேண்டியது 1.80. முதல் சிக்னலையே பாதியாக்கி ரெண்டாவது சிக்னலா கொடுத்தா எரர் கோடு போயிடும், ஆனா காவலும் போயிடும். அந்த ஒரு சென்சார் கெட்டு வோல்டேஜ் தானா ஏறினா, கால் எடுத்தாலும் எஞ்சின் இழுக்கும். கொண்டை ஊசி வளைவுல ஆள் உக்காந்திருக்கிற வண்டிக்கு அந்த வேலை வேண்டவே வேண்டாம். பொலிரோ பெடலையே வைங்க, பிராக்கெட்டை மாத்திக்கலாம்.

இன்னொண்ணு தம்பி, எஞ்சின் மாத்தினதுக்கு ஆர்டிஓ அனுமதியும் ஆர்சியில புது எஞ்சின் நம்பரும் இருக்கா? தினம் செக்போஸ்ட் தாண்டுற வண்டி.

ஏலக்காட்டு ஜீப்:
ஆர்டிஓ பேப்பர் கொடுத்திருக்கோம், கைக்கு வர்ற வரைக்கும் தோட்டத்துக்குள்ளதான் ஓட்டம்.

பிராக்கெட்டை வெட்டி பொலிரோ பெடலை வச்சாச்சு. கோடு போயிருச்சு. ஆனா முழு மிதியில 3.20 தான் வந்துச்சு. பார்த்தா, கடைசி வரை போறதுக்கு முன்னாடியே பெடல் தரையில முட்டுது. 12 மில்லி மேல தூக்கி வெல்டு வச்சதும் 3.80, 1.90 சரியா நிக்குது. ஸ்டோர் மேட்டுல ரெண்டாம் கியர்ல லோடோட ஏறிடுச்சு. ரொம்ப நன்றிண்ணே.

பழைய வயரிங் ஆள்:
சந்தோஷம் தம்பி. கால் மிதியை மட்டும் பெடலுக்கு அடியில போகாத மாதிரி வெட்டிடுங்க.