டைவ் லைட்: மணிக்கட்டு வலிக்கிறது, எதிரே வெள்ளையாகத் தெரிகிறது

கேள்வி:
அண்ணா, நான் முத்தியால்பேட்டை. போன வாரம் படகில் போய், கடலுக்கடியில் 18 மீட்டர் ஆழத்துக்கு டைவிங் இறங்கினேன். இரவல் டார்ச்சைப் போட்டதும் எதிரே மூடுபனி மாதிரி ஒரே வெள்ளை. பிடித்துப் பிடித்து மணிக்கட்டும் வலி. சொந்தமாக எது வாங்கலாம்?

பதில்:
தம்பி, அது அகலக் கற்றை விளக்காக இருக்கும். மழைக்காலம் முடிந்தும் நம் கடலில் ஆற்று வண்டல் மிதக்கும். அந்தத் துகள்கள் ஒளியை உன் கண்ணுக்கே திருப்பிவிடும். 10 டிகிரி அளவில் குறுகிய கற்றையாக வாங்கு. முகத்துக்கு நேரே பிடிக்காமல், கையை நீட்டிப் பக்கவாட்டிலிருந்து அடி. அப்புறம் பாறை இடுக்கைப் பார்: சாம்பலாகக் கிடந்த கடற்பஞ்சு செக்கச்செவேல் என்று தெரியும். அதற்காகவே நான் இறங்குகிறேன்.

இன்னொருவர்:
வலிக்கு, புறங்கையில் மாட்டும் குட்மேன் ஹேண்டில்தான் சரி. விரல்கள் சும்மா இருக்கும், பிசிடியின் (காற்று நிரப்பி மிதப்பைச் சரிசெய்யும் ஜாக்கெட்) பொத்தானை அழுத்தலாம். விளக்கின் கயிற்றை மணிக்கட்டில் முடிச்சுப் போடாதீர்கள், எங்காவது சிக்கினால் உடனே கழற்ற வர வேண்டும்.

முதலில் பதில் சொன்னவர்:
ஓ-ரிங்கை, அதாவது விளக்குக்குள் தண்ணீர் புகாமல் தடுக்கும் ரப்பர் வளையத்தைத் துடைக்க மறக்காதே, தம்பி. ஒரே ஒரு தலைமுடி ஒட்டியிருந்து என் விளக்கில் உப்புத் தண்ணீர் புகுந்துவிட்டது. பேட்டரி அறை முழுக்கப் பச்சைக் களிம்பு.