கன்னெல்லோனி: பூரணம் நீர் விடுகிறது, குழலின் முனை வேக மறுக்கிறது

மிலானோவாசி:

அனைவருக்கும் வணக்கம். வேலை நிமித்தமாக மிலானோவுக்கு வந்து ஏழு மாதங்கள் ஆகின்றன. குழல் வடிவப் பாஸ்தாவுக்குள் இறைச்சியையும் ரிக்கோட்டா சீஸையும் அடைத்து, மேலே சாஸ் ஊற்றி ஓவனில் சுட்டெடுக்கும் கன்னெல்லோனியை இங்கே ஒரு சிறிய உணவகத்தில் உண்ட நாளிலிருந்து அதை வீட்டில் செய்துவிட வேண்டும் என்ற ஆசை விடவில்லை. சென்ற சனிக்கிழமை செய்தும் பார்த்தேன். அதன் கதையைச் சொன்னால்தான் என் கேள்வி புரியும்.

காய்ந்த கன்னெல்லோனி 250 கிராம் பெட்டி ஒன்று, சாசேஜ் பாக்கெட் ஒன்று, ரிக்கோட்டா 500 கிராம், நீரில் மிதக்கும் மொஸரெல்லா உருண்டைகள் இரண்டு ஆகியவற்றை வாங்கினேன். சாசேஜைப் பொடியாக நறுக்கி ரிக்கோட்டாவுடன் பிசைந்து, குழல்களை வேகவைக்காமலேயே அடைத்தேன். முன்கூட்டி வேகவைக்கத் தேவையில்லை என்று பெட்டியின் மீதே அச்சிட்டிருந்தது. சாஸ் நீர்த்துப் போகக் கூடாது என்று தக்காளியை நன்றாகச் சுண்டக் காய்ச்சி மேலே பரப்பி, மொஸரெல்லாவை நறுக்கித் தூவி, 200 டிகிரியில் 30 நிமிடம் வைத்தேன்.

வெளியே எடுத்தபோது தட்டின் அடியில் வெள்ளையும் சிவப்புமாகத் தண்ணீர் தேங்கி நின்றது. குழல்களின் இரு முனைகளோ அப்பளம்போல் விறைத்து, கடித்தால் கடவாய்ப்பல்லில் அப்பிக்கொண்டன. உள்ளே இருந்த சாசேஜ் துண்டுகள் ரப்பர்போல இருந்ததோடு, புகை வாசனை மற்ற எல்லாவற்றையும் அமுக்கிவிட்டது. தட்டில் அவ்வளவு தண்ணீர் இருந்தும் பாஸ்தா ஏன் வேகவில்லை என்பது எனக்கு விளங்கவே இல்லை.

வரும் ஞாயிற்றுக்கிழமை மதியம் ஆறு பேர் சாப்பிட வருகிறார்கள். அவர்களில் ஒருவர் சைவம். எதை மாற்ற வேண்டும், எதை முந்தைய நாளே செய்து வைக்கலாம் என்று அறிந்தவர்கள் சொன்னால் நன்றியுடையவனாக இருப்பேன்.

பலெர்மோ அடுக்களை:

வணக்கம் தம்பி. நான் யாழ்ப்பாணத்திலிருந்து பலெர்மோவுக்கு வந்து, இங்குள்ள உணவகச் சமையலறை ஒன்றில் பதினான்கு வருடங்களாக வேலை செய்கிறேன். எங்கள் ஊரில் ஞாயிற்றுக்கிழமை ஓவனுக்குள் போவது பெரும்பாலும் வளைய வடிவ அனெல்லெத்திப் பாஸ்தாதான் என்றாலும், கன்னெல்லோனியும் கை படிந்த வேலைதான்.

முதலில் சாசேஜைப் பார்ப்போம். புகை வாசனையும் ரப்பர் தன்மையும் இருந்ததாக எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால் நீங்கள் வாங்கியது, குளிர்ப்பெட்டியில் பாக்கெட்டாக அடுக்கியிருக்கும் வுர்ஸ்டலாகத்தான் இருக்க வேண்டும். அது ஏற்கெனவே வெந்தது, கன்னெல்லோனிக்கு உதவாது. இறைச்சிக் கடைக்குப் போய் சல்சிச்சா என்று கேளுங்கள். பச்சைப் பன்றி இறைச்சியைக் கொத்தி, உப்பும் மிளகும் சேர்த்துக் குடலில் அடைத்து, சுருளாகவோ முடிச்சு முடிச்சாகவோ தொங்கவிட்டிருப்பார்கள். தெற்கே அதில் பெருஞ்சீரகமும் சேரும் (நீங்கள் சோம்பு என்பீர்கள்). மிலானோவில் பெருஞ்சீரகம் சேர்க்காததைத் தந்தால், வீட்டில் அரைத் தேக்கரண்டி விதையை லேசாக இடித்துச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

400 கிராம் சல்சிச்சா எடுத்து, மேல்தோலைக் கத்தியால் நீளவாக்கில் கீறி உரித்துவிட்டு, எண்ணெய் இல்லாத சட்டியில் போட்டு மரக்கரண்டியால் உடைத்துக்கொண்டே வதக்குங்கள். முதலில் தண்ணீர் விட்டு வேகும். அந்தத் தண்ணீர் வற்றியதும் தன் கொழுப்பிலேயே பொரியத் தொடங்கும். 'சலசல' என்ற சத்தம் மாறி 'படபட' என்று கேட்கும் அந்த இடத்தில் இரண்டு நிமிடம் கூடுதலாக நின்று, பயறு அளவுக்குத் துண்டுகள் சிவந்ததும் இறக்கி, கொழுப்பை வடித்துவிட்டு முழுவதும் ஆற விடுங்கள். சூட்டோடு ரிக்கோட்டாவில் கலந்தால் அது இளகி நீர் விடும்.

அடுத்தது, உங்களுக்கு விளங்காமல் இருக்கும் அந்தத் தண்ணீர் விஷயம். தட்டில் தண்ணீர் இருந்தது உண்மைதான், ஆனால் இருக்க வேண்டிய இடத்திலும் நேரத்திலும் அது இல்லை. காய்ந்த பாஸ்தா வெந்து முடியும்போது தன் எடை அளவுக்காவது நீரைக் குடித்திருக்கும். உங்கள் 250 கிராம் பெட்டிக்குக் கால் லீட்டர் நீர் சாஸிலிருந்தே கிடைத்தாக வேண்டும். நீங்களோ சாஸைச் சுண்டக் காய்ச்சியதால் அதில் கொடுக்க ஒன்றுமில்லை, மூடாமல் வைத்ததால் இருந்த கொஞ்சமும் ஆவியாகிப் போய்விட்டது, சாஸ் தொடாத முனைகள் காய்ந்தபடியே சுடப்பட்டுவிட்டன. ரிக்கோட்டாவும் மொஸரெல்லாவும் தண்ணீரை விட்டது கடைசிப் பத்து நிமிடத்தில். அது அடியில் ஓடித் தேங்கியதே தவிர முனைகளுக்குப் பயன்படவில்லை. ஆகவே பூரணத்தைக் கெட்டியாகவும் சாஸைத் தளரவும் வையுங்கள். நீங்கள் செய்தது அதற்கு நேர்மாறு.

ரிக்கோட்டா என்பது சீஸ் செய்தபின் மிஞ்சும் நீரை மறுபடி காய்ச்சித் திரட்டுவது. 'மறுபடி சமைத்தது' என்பதே அந்தப் பெயரின் பொருள். ஆகையால் அதில் ஈரம் எப்போதும் அதிகம். வெள்ளிக்கிழமை இரவே கண்ணறை வடிகட்டியில் போட்டு, கீழே கிண்ணம் வைத்துக் குளிர்ப்பெட்டியில் விட்டுவிடுங்கள். காலையில் கிண்ணத்தில் நிற்கும் நீரைப் பார்த்தால் உங்கள் தட்டில் தேங்கியது எங்கிருந்து வந்தது என்று தெரிந்துவிடும். வடிந்த ரிக்கோட்டா 400 கிராம், துருவிய பார்மிஜானோ (கெட்டிச் சீஸ்) 80 கிராம், முட்டை ஒன்று, கொஞ்சம் சாதிக்காய்த் தூள், இவற்றோடு ஆறிய இறைச்சியைச் சேர்த்துப் பிசைந்தால் ஏறத்தாழ இருபது குழல்களுக்குப் போதும். இறைச்சியிலும் பார்மிஜானோவிலும் உப்பு இருப்பதால், ஒரு கரண்டிப் பூரணத்தைச் சட்டியில் சுட்டு ருசி பார்த்த பிறகே உப்பைத் தொடுங்கள். கரண்டியைக் கவிழ்த்தால் விழாமல் ஒட்டி நிற்க வேண்டும், அதுதான் பதம்.

அடைப்பதற்குத் தடித்த பிளாஸ்டிக் பை ஒன்றின் மூலையை விரல் நுழையும் அளவுக்கு வெட்டிக்கொள்ளுங்கள். குழலைச் செங்குத்தாகப் பிடித்து, அடிமுனையை உள்ளங்கையால் மூடிக்கொண்டு பாதிவரை பிழிந்து, பிறகு தலைகீழாகத் திருப்பி மற்றப் பாதியை நிரப்புங்கள். ஒரே பக்கமாக நிரப்பினால் நடுவில் காற்று நின்று, வேகும்போது குழல் பிளக்கும்.

சாஸ் இரண்டு வேண்டும். 700 கிராம் பாஸ்ஸாட்டா (வடிகட்டிய தக்காளிக் கூழ்) போத்தல் ஒன்றை, ஒலிவ் எண்ணெயில் உள்ளி (பூண்டு) தட்டிப் போட்டுக் காய்ச்சி, அதே போத்தலில் கால் பங்கு தண்ணீர் அலசி ஊற்றுங்கள். பெஷமெல் என்ற வெள்ளைச் சாஸுக்கு அரை லீட்டர் பால், வெண்ணெய் 35 கிராம், கோதுமை மா 35 கிராம். தட்டின் அடியில் தக்காளி சாஸ் தாராளமாகப் பரப்பி, குழல்களை ஒற்றை அடுக்காக வைத்து, முதலில் பெஷமெல், அதன்மேல் மிச்சத் தக்காளி என்று ஊற்றி, முனைகள் மூழ்கிவிட்டனவா என்று குனிந்து பாருங்கள். அலுமினியத் தாளால் இறுக மூடி, 180 டிகிரியில் 30 நிமிடம்; பிறகு தாளை எடுத்துவிட்டு, பார்மிஜானோ தூவி இன்னும் 15 நிமிடம். கத்தி முனை குழலுக்குள் தடையின்றி இறங்க வேண்டும். இறக்கிய பின் கால் மணி நேரம் தொடாதீர்கள்.

மொஸரெல்லா வேண்டுமென்றால் நீரில் மிதப்பதை விட்டுவிட்டுப் பீட்சாவுக்கென்று விற்கும் கட்டியையோ ஸ்கமோர்ட்சா என்ற ஈரம் குறைந்த சீஸையோ வாங்குங்கள்.

ஸ்கார்பரோ சட்டி:

மேலே எழுதிய அண்ணாவின் விளக்கத்தில் தண்ணீர் பற்றிய பகுதியை அப்படியே ஏற்கிறேன். பெஷமெல் விஷயத்தில் மாறுபடுகிறேன். ரிக்கோட்டா, இறைச்சிக் கொழுப்பு, பார்மிஜானோ என்று உள்ளேயே இவ்வளவு கொழுப்பு இருக்கையில், அதன்மேல் இன்னொரு அரை லிட்டர் பாலைக் காய்ச்சி ஊற்றினால் மூன்றாவது குழலுக்குக் கை போகாது. இங்கே கனடாவிலும் அமெரிக்காவிலும் இத்தாலிய வம்சாவளிக் குடும்பங்கள் மனிக்கோட்டி என்ற பெயரில் செய்யும் உணவு ஏறக்குறைய இதேதான். பெரும்பாலும் தக்காளி மட்டுமே ஊற்றுவார்கள். தக்காளியின் புளிப்பு அந்தக் கொழுப்பை வெட்டுகிறது.

முதன்முறை விருந்து வைப்பவர் குழலோடு மல்லுக்கட்டுவானேன் என்றும் எனக்குத் தோன்றுகிறது. சங்கு வடிவில் பெரிதாக வரும் கொங்கிலியோனியை வாங்கி, பெட்டியில் குறித்துள்ள நேரத்துக்கு மூன்று நிமிடம் முன்னதாகவே வடித்து, ஒன்றோடொன்று ஒட்டாதபடி துணியில் தனித்தனியாகக் கவிழ்த்து வையுங்கள். பாதி வெந்த சங்கு நீரைக் குடித்துவிட்டுத்தான் தட்டுக்கு வருகிறது என்பதால் முனை விறைக்குமோ என்ற கவலை குறைவு. வாய் திறந்திருப்பதால் தேக்கரண்டியாலேயே அடைத்துவிடலாம். வேகும்போது பத்தில் ஒன்று கிழியும், ஆகவே நான்கைந்து கூடுதலாகப் போடுங்கள்.

பலெர்மோ அடுக்களை:

சங்கு நல்ல யோசனை, மறுக்க மாட்டேன். பெஷமெலை நான் சொன்னது ருசிக்காக மட்டும் இல்லை. தக்காளி வழிந்து அடிக்குப் போய்விடும். பெஷமெல் குழலின் முதுகில் போர்வைபோல் நின்று மேற்புறம் காயாமல் காக்கும். வேண்டாம் என்றால் பாஸ்ஸாட்டா போத்தலை ஒன்றரையாக்கிக்கொள்ளுங்கள், அதுபோதும்.

முந்தைய நாள் வேலை பற்றியும் கேட்டிருந்தீர்கள். பூரணம், இரண்டு சாஸ் ஆகியவற்றைச் சனிக்கிழமையே செய்து தனித்தனியாகக் குளிர்ப்பெட்டியில் வைக்கலாம். அடைப்பதையும் அடுக்குவதையும் ஞாயிறு காலையில் வைத்துக்கொள்ளுங்கள். காய்ந்த குழலை அடைத்துச் சாஸ் ஊற்றி இரவு முழுவதும் வைத்தால், அது குளிரிலேயே சாஸைக் குடித்து ஊறி, சுடும்போது களியாகும். குளிர்ந்த சாஸைச் சுடவைத்த பிறகே ஊற்ற வேண்டும், இல்லையென்றால் மூடி வைக்கும் நேரத்தைப் பத்து நிமிடம் கூட்டுங்கள்.

கீரைக்கட்டு:

சைவ நண்பருக்காக ஒரு குறிப்பு. இறைச்சிக்குப் பதிலாகப் பசலைக்கீரையை வதக்கி, ஆறவைத்து, இரு கைகளாலும் இறுகப் பிழிந்து ரிக்கோட்டாவில் சேர்ப்பது இத்தாலியில் வழக்கமாகச் செய்வதுதான். அதற்கென்று புதிதாக எதையும் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. பிழிவதில் கருமித்தனம் வேண்டாம், கீரை விடும் தண்ணீர் ரிக்கோட்டாவைத் தோற்கடிக்கும். பூரணத்தில் முட்டை இருக்கிறது என்பதால் அவர் முட்டை உண்பவரா என்று முன்பே கேட்டுவிடுங்கள்; உண்ணாதவர் என்றால் விட்டுவிடலாம், நன்றாக வடிந்த ரிக்கோட்டா முட்டை இல்லாமலும் நிற்கும்.

பலரும் கவனிக்காத ஒன்று பார்மிஜானோ. பார்மிஜானோ ரெஜ்ஜானோ என்ற பெயரைப் பெறும் சீஸ், கன்றுக்குட்டியின் இரைப்பையிலிருந்து எடுக்கும் உறைபொருளைக் கொண்டே பாலை உறையவைத்துச் செய்யப்பட வேண்டும் என்பது அதன் விதி. கண்டிப்பான சைவர் இதை உண்ண மாட்டார். 'கால்யோ வெஜெத்தாலே' (தாவர உறைபொருள்) என்று உறையில் அச்சிட்ட கெட்டிச் சீஸ் உங்கள் ஊர்ச் சூப்பர்மார்க்கெட்டில் கிடைக்கும்; அவருடைய பங்குக்கு அதை வாங்கித் தனித் தட்டில் சுடுங்கள். ஒரே தட்டில் பாதிப் பாதியாக வைத்தால் இறைச்சிக் கொழுப்பு சாஸோடு அந்தப் பக்கம் போய்விடும்.

மிலானோவாசி:

ஞாயிறு விருந்து முடிந்து, தட்டுகளைக் கழுவிவிட்டு எழுதுகிறேன். குப்பையில் கிடந்த பழைய பாக்கெட்டை எடுத்துப் பார்த்தேன். அண்ணா சொன்னபடி அது வுர்ஸ்டல்தான்.

500 கிராம் ரிக்கோட்டாவிலிருந்து ஓர் இரவில் அரை டம்ளருக்கு மேல் நீர் வடிந்திருந்தது. குழலையே வைத்துக்கொண்டேன், பெஷமெலையும் ஊற்றினேன், ஆனால் ஸ்கார்பரோ நண்பரின் பேச்சுக்கு மதிப்பளித்துப் பாலை 300 மில்லியாகக் குறைத்தேன். இருபதில் இரண்டு குழல்கள் அடைக்கும்போதே உடைந்தன. உடைந்த பக்கத்தைக் கீழே வைத்து மறைத்துவிட்டேன், யாருக்கும் தெரியவில்லை. சோம்பை இடித்துப் போட்ட இறைச்சியின் மணம் ஓவன் கதவைத் திறப்பதற்கு முன்பே கூடத்துக்குப் போய்விட்டது. சைவ நண்பருக்கு ஐந்து குழல்கள் தனியாக, முட்டை இல்லாமல், கீரையுடன் சுட்டேன். நான்கை உண்டுவிட்டு ஐந்தாவதைப் பொட்டலம் கட்டச் சொன்னார்.

தட்டில் தண்ணீர் ஒரு சொட்டும் தேங்கவில்லை. வலது மூலையில் இருந்த ஒரு குழலின் முனை மட்டும் சாஸுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்ததை ஓவனுக்குள் வைத்த பிறகுதான் பார்த்தேன். அது சென்ற வாரத்தைப்போலவே விறைத்திருந்தது. அதை நானே எடுத்துக்கொண்டேன்.