கோத்தகிரி மேட்டுத் தெரு குழு: பழைய தண்டனை எடுபடுமா?

செல்வி: தம்பியை வெட்டியவன் குற்றவாளி என்று ஊட்டி செஷன்ஸ் கோர்ட்டில் சொல்லிவிட்டார்கள். கொலை முயற்சிதான். எவ்வளவு தண்டனை என்று நாளைக்குக் கேட்பார்களாம்.

பிரகாஷ்: அவன் மேல் நாலு கேஸ் இருக்கிறதே அக்கா, ஆயுள்தான்!

மணி மாமா: கேஸ் வேறு, தண்டனை வேறு பிரகாஷ். எஃப்.ஐ.ஆர். இருப்பதோ, ரவுடி லிஸ்டில் பேர் இருப்பதோ தண்டனை ஆகாது. தீர்ப்பாகி உள்ளே போனது எது?

செல்வி: குன்னூர் அடிதடியில் ஆறு மாசம் இருந்தான் மாமா.

மணி மாமா: அது ஒன்றுதான் கணக்கில் வரும். அதையும் வாயால் சொன்னால் போதாது. அந்தத் தீர்ப்பின் சான்றிட்ட நகல் வேண்டும், இல்லை ஜெயில் அதிகாரி கையெழுத்துப் போட்ட சான்று. அந்த ஆள்தான் இவன் என்றும் காட்ட வேண்டும்.

கீதா: விசாரணை முழுக்க இதைப் பற்றி ஒரு வார்த்தை வரவில்லையே. எனக்கு வயிறு எரிந்தது.

மணி மாமா: வரக் கூடாதும்மா. கவாத்துக் கத்தியை எடுத்து வெட்டினானா என்பது தனியாக நிரூபணமாக வேண்டும். "முன்னாடியே அடித்தவன், இதையும் செய்திருப்பான்" என்று போனால், ஒருமுறை ஜெயிலுக்குப் போனவன் தலையில் எந்தக் கேஸையும் கட்டிவிடலாம். குற்றம் உறுதியான பிறகு, எவ்வளவு கொடுப்பது என்னும்போதுதான் பழசு பேசும்.

பிரகாஷ்: ரெண்டாவது தடவை என்றால் தண்டனை தானாகவே அதிகமாகாதா மாமா?

மணி மாமா: எல்லாவற்றுக்கும் இல்லை. பழைய ஐ.பி.சி., அதாவது இந்திய தண்டனைச் சட்டத்தில் 75-வது பிரிவு, இப்போது அதற்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் 13-வது பிரிவு. வீட்டை உடைத்துத் திருடித் தண்டனை பெற்றவன் மறுபடியும் அதையே செய்தால் ஆயுள் வரை போகலாம். சொத்துக் குற்றம், கள்ள நாணயம் இதெல்லாம்தான் அதில் வரும். வெட்டுக்குத்து வராது! எனக்கு இது நியாயமாகவே படவில்லை. ஆனால் கொலை முயற்சியில் காயம் பட்டிருந்தால் பத்து வருஷம் வரை, இல்லை ஆயுள் கொடுக்கலாம். குறைந்தது இவ்வளவு என்று கிடையாது. அதற்குள் எங்கே நிற்பது என்பது நீதிபதி கையில். குன்னூர் தீர்ப்பு அங்கேதான் எடை போடும்.

செல்வி: அவன் வக்கீல் திருந்திவிட்டான் என்று சொல்வாராமே.

மணி மாமா: சொல்லட்டும், கேட்கத்தான் வேண்டும். ஆயுள் கைதி கொலை செய்தால் கட்டாயத் தூக்கு என்று முன்பு இருந்ததையே 1983-இல் மித்து வழக்கில் சுப்ரீம் கோர்ட் ரத்து செய்தது. பழையதை மட்டும் பார்த்துத் தீர்ப்பெழுத முடியாது. அதற்காகப் பழையதைச் சொல்லாமலும் விடக் கூடாது. அரசு வக்கீலிடம் இப்போதே பேசு.

செல்வி: பேசிவிட்டேன் மாமா. நகல் போலீஸ் ஃபைலிலேயே இருக்கிறதாம், காலையில் தாக்கல் செய்கிறேன் என்றார்.

மணி மாமா: நல்லது. தம்பியால் இன்னும் வலது கையில் டம்ளர்கூடப் பிடிக்க முடியவில்லை. ஆஸ்பத்திரி பில், டாக்டர் சீட்டு எல்லாம் எடுத்துக்கொள். இழப்பீடும் கேட்கச் சொல்.

கீதா: முதல் பஸ்ஸுக்கே நானும் வருகிறேன் அக்கா.