மூன்றே முக்கால் மணி டீயை விடாமல் வயிற்றைக் காப்பாற்ற வழி உண்டா?

பூக்கடைக் கணக்கர், மதுரை

எனக்கு வயது 52. மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் ஒரு கமிஷன் கடையில் 21 ஆண்டுகளாகக் கணக்கு எழுதுகிறேன். மல்லிகை மொட்டாக இருக்கும்போதே விலைபோக வேண்டிய சரக்கு. அது யாருக்காகவும் காத்திருக்காது. அதனால் மூன்று மணிக்கு எழுந்து, மூன்றே முக்காலுக்கு மார்க்கெட் வாசலில் நிற்பேன். அங்கே ஒரு டீக்கடை. மாஸ்டர் என்னைப் பார்த்ததும் கேட்காமலே ஒரு ஸ்ட்ராங் டீ ஆற்றத் தொடங்கிவிடுவார். கண்ணாடி டம்ளரின் விளிம்பு உதட்டைச் சுடும். வீட்டிலும் கடையிலும் யாராவது எதையாவது கேட்டுக்கொண்டே இருப்பார்கள். அந்தப் பத்து நிமிடம் மட்டும் யாரும் என்னிடம் எதுவும் கேட்க மாட்டார்கள்.

ஐந்தேகாலுக்கு இரண்டாவது டீ கம்பித் தாங்கியில் கடைக்கே வந்துவிடும். ஆறே முக்காலுக்கு மூன்றாவது. கூட்டம் ஓய்ந்து எட்டரைக்குத்தான் டிபன்.

எட்டு மாதங்களாகத் தொல்லை. ஆறு மணி வாக்கில் நெஞ்சுக்குழியில் கரிக்கத் தொடங்கும். புளித்த ஏப்பம் வரும். சில நாள் புளித்த தண்ணீர் தொண்டை வரை ஏறி இறங்கும். இருபது ஆண்டுகள் இதே கடையில் இதே டீயைக் குடித்து ஒன்றும் ஆனதில்லை. மருத்துவர் ஒரு மாத்திரை கொடுத்து, காலையில் வெறும் வயிற்றில் போடச் சொன்னார். முதல் டீயோடு போட்டுக்கொள்கிறேன். கொஞ்சம் குறைந்தது, பிறகு திரும்ப வந்துவிட்டது.

டீயையே விட்டுவிடச் சொல்கிறாள் மனைவி. விட்டுப் பார்த்தேன், நான்கு நாள். இரண்டாம் நாள் தலைவலி மண்டையைப் பிளந்தது. மூன்றாம் நாள் ஒரு விவசாயியின் 17 கிலோவை 71 என்று எழுதி வைத்தேன். முதலாளி ஒன்றும் சொல்லவில்லை, கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார். அதுவே போதுமாக இருந்தது.

குடிப்பதை நிறுத்தாமலே வயிற்றை அடக்கி வைத்திருப்பவர்கள் இங்கே இருந்தால் சொல்லுங்கள். இஞ்சி தட்டிப் போட்டால் சரியாகுமா?


நேர்வழி

விட்டுவிடுங்கள். நான் 2019இல் விட்டேன். இன்று வரை நெஞ்செரிச்சல் இல்லை. இதற்கு மேல் இதில் பேச என்ன இருக்கிறது?


பூக்கடைக் கணக்கர்

வாழ்த்துகள் ஐயா. நீங்கள் எத்தனை மணிக்கு எழுகிறீர்கள் என்பதையும் சொன்னால் ஒப்பிட வசதியாக இருக்கும்.


கோத்தகிரிக்காரன்

தம்பி, நான் தேயிலைத் தொழிற்சாலையில் 31 ஆண்டுகள் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். மருத்துவம் எனக்குத் தெரியாது. உங்கள் டம்ளருக்குள் என்ன இருக்கிறது என்பது தெரியும்.

நீங்கள் குடிப்பது சிடிசி டஸ்ட். வாட்டிய இலையைப் பல் வைத்த உருளைகளுக்கிடையே நசுக்கி, கிழித்து, சுருட்டி எடுப்பது சிடிசி முறை. 1930இல் அசாமில் தொடங்கியது. இலை அப்படிச் சிதைந்து கிடப்பதால் வெந்நீர் பட்ட மாத்திரத்தில் நிறம், கடுப்பு, துவர்ப்பு எல்லாம் இறங்கிவிடும். சல்லடையில் கடைசியாக விழும் பொடிதான் டஸ்ட். கொஞ்சம் தூளில் நிறைய டம்ளர் நிரப்பலாம் என்பதால் டீக்கடைக்கு அதுதான் கட்டும். அதில் தவறில்லை. ஆனால் டஸ்டுக்கு இரண்டு நிமிடம் போதும். அதற்கு மேல் ஊறினால் இறங்குவது பெரும்பாலும் துவர்ப்புதான். வெறும் வயிற்றில் அந்தத் துவர்ப்பு போனால் குமட்டும், பிசையும்.

இப்போது உங்கள் கடைக்கு வருவோம். மூன்றே முக்கால் டீ புதுத் தூளில் இறங்கியது. ஐந்தேகாலுக்கு வருவது? அதே துணிப்பை, அதே தூள், அதன் மேலேயே திரும்பத் திரும்ப வெந்நீர் ஊற்றி, பாய்லர் சூட்டில் வெந்துகொண்டே இருந்த டிகாக்ஷன். பாலில் உள்ள புரதம் துவர்ப்பைக் கொஞ்சம் பிடித்து வைக்கும், சர்க்கரை மீதியை மறைக்கும், அதனால் நாக்குக்குத் தெரியாது. ஒரு நாள் இரண்டாவது டீயில் பாலும் சர்க்கரையும் சேர்க்காமல் ஒரு வாய் குடித்துப் பாருங்கள். கன்னத்தின் உள்பக்கம் இழுத்துப் பிடித்தால் நான் சொல்வது சரி.

வீட்டில் போடுவதென்றால் தண்ணீர் கொதித்ததும் அடுப்பை அணைத்துவிட்டுத் தூளைப் போட்டு மூடுங்கள். இரண்டு நிமிடத்தில் வடிகட்டி, தனியாகக் காய்ச்சிய பாலை ஊற்றுங்கள். பாலோடு தூளைப் போட்டுப் பத்து நிமிடம் பொங்கவிட்டு இறக்குவதற்கு எங்கள் வீட்டில் கஷாயம் என்று பெயர்.

சில்லறையாகத் தூள் வாங்குகிறீர்களா? ஒரு வெள்ளைத் தாளை நனைத்து அதன் மேல் கொஞ்சம் தூவுங்கள். சில நிமிடம் கழித்துத் தட்டிவிட்டு, தாளை வெளிச்சத்தில் பாருங்கள். சிவப்பும் மஞ்சளுமாகக் கறை ஓடியிருந்தால் சாயம் ஏற்றிய தூள், தூர எறியுங்கள். முடிந்தால் ஆர்த்தடக்ஸ், அதாவது கிழித்து நசுக்காமல் உருட்டி எடுத்த இலைத் தேயிலை நூறு கிராம் வாங்கிப் பாருங்கள், மென்மையாக இருக்கும்.

ஏலத்துக்கு முன் தேயிலையை ருசி பார்ப்பவர்கள் ஒரே நாளில் நூற்றுக்கணக்கான கோப்பைகளை உறிஞ்சுவார்கள். உறிஞ்சி உறிஞ்சித் துப்பிவிடுவார்கள். நீங்கள் விழுங்குகிறீர்கள், அதுதான் வித்தியாசம்.


மருந்தகத்துக்காரி, தஞ்சாவூர்

ஐயா, பதில் சொல்வதற்கு முன் ஒரு கேள்வி. இருபது ஆண்டுகள் ஒன்றும் செய்யாத டீ எட்டு மாதத்துக்கு முன் ஏன் திரும்பியது? அந்தச் சமயத்தில் புதிதாக ஏதாவது மாத்திரை போடத் தொடங்கினீர்களா? மூட்டுவலி, முதுகுவலி, பல்வலி என்று எதற்காவது? மருந்துக்கடையில் நீங்களாகக் கேட்டு வாங்கியதும் கணக்கில் உண்டு. எங்கள் கடைக் கவுண்டரில் நின்று தினமும் இதைத்தான் கேட்கிறேன். முதலில் இல்லை என்பார்கள், பிறகு பர்ஸிலிருந்து அட்டையை எடுப்பார்கள்.


பூக்கடைக் கணக்கர்

சகோதரி, என் சட்டைப் பையை எட்டிப் பார்த்தது போல் கேட்டுவிட்டீர்கள். போன கார்த்திகையில் ஆள் வராத ஒரு நாள் நானே பூச்சாக்கைத் தூக்கி முதுகைப் பிடித்துக்கொண்டது. அன்று முதல் ஒரு வலி மாத்திரை, ஐந்தேகால் டீயோடு. வாரத்தில் நான்கு நாளாவது போடுவேன். வாழைப்பழ விலையில் கிடைக்கிறது. மருத்துவர் இதைப் பற்றிக் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. வயிற்றுக்குப் போனவன் முதுகைப் பற்றி எதற்குப் பேச வேண்டும் என்று இருந்துவிட்டேன். அட்டையைப் பார்த்தேன், டைக்ளோஃபினாக் என்று போட்டிருக்கிறது.


மருந்தகத்துக்காரி

அதேதான். இரைப்பை தன் அமிலத்தாலேயே தான் அரிபடாமலிருக்க உள்சுவரில் ஒரு வழவழப்பான பூச்சு வைத்திருக்கிறது. டைக்ளோஃபினாக், அசிக்ளோஃபினாக், ஐபுபுரூஃபன் வகை மாத்திரைகள் வலியைத் தூண்டும் பொருளைத் தடுக்கும்போது, அந்தப் பூச்சைக் காக்கும் பொருளையும் சேர்த்துத் தடுத்துவிடும். டீயில் இருக்கும் காஃபின் அமிலத்தைக் கூடுதலாகச் சுரக்க வைக்கும், உணவுக்குழாயின் அடிவாசலையும் கொஞ்சம் தளர்த்தும். சோறு தண்ணீர் இல்லாத வயிற்றில் இரண்டையும் ஒன்றாக இறக்கியிருக்கிறீர்கள். புண் ஆகியிருக்கவும் வாய்ப்பு உண்டு. அந்த அட்டையை எடுத்துக்கொண்டு அதே மருத்துவரிடம் போங்கள். முதுகுக்கு வேறு வழி அவர் சொல்வார்.

வயிற்று மாத்திரை பான்டோப்ரசோல் வகையாக இருந்தால், அதைப் போட்ட அரை மணி நேரத்தில் சாப்பாடு உள்ளே போக வேண்டும். சாப்பாட்டுக்காக அமிலம் சுரக்கத் தொடங்கும்போதுதான் அது சரியாக வேலை செய்யும். நீங்கள் மூன்றே முக்காலுக்குப் போட்டுவிட்டு எட்டரைக்குச் சாப்பிடுகிறீர்கள். கல்யாணத்துக்கு முதல் நாளே பந்தியில் உட்கார்ந்த கதை.

இஞ்சி குமட்டலுக்கு நல்லது. எரிச்சலுக்கு அதை நம்பாதீர்கள், அதிகமானால் அதுவே எரிக்கும். இரவுச் சாப்பாட்டுக்கும் படுக்கைக்கும் இரண்டு மூன்று மணி நேரம் இடைவெளி இருக்கிறதா என்பதையும் பாருங்கள்.

இன்னொன்று, இது விளையாட்டல்ல. மலம் தார் போலக் கறுத்துப் போனாலோ, வாந்தியில் ரத்தமோ காபித்தூள் போன்ற எதுவுமோ வந்தாலோ, விழுங்கும்போது அடைத்தாலோ, காரணமில்லாமல் எடை குறைந்தாலோ அன்றே மருத்துவமனைக்குப் போங்கள். நெஞ்செரிச்சலோடு வியர்த்துக் கொட்டி, வலி தாடைக்கோ கைக்கோ பரவினால் வாயு என்று நினைத்துச் சோடா குடித்துக்கொண்டு நிற்காதீர்கள். 52 வயதில் அது இதயமாகவும் இருக்கலாம்.


ஹட்டன் மகள், இப்போது வவுனியா

அண்ணா, உங்களுக்குக் காரணம் கிடைத்துவிட்டது. இதைப் படிக்கும் மற்றவர்களுக்காக என் கதையையும் சொல்கிறேன். எனக்கு நெஞ்சு எரியாது. பால்டீ குடித்த ஒரு மணி நேரத்தில் அடிவயிறு உப்பும், இரையும், ஓட வேண்டி வரும். தேயிலையைத்தான் பல காலம் திட்டிக்கொண்டிருந்தேன். பத்து நாள் பால் சேர்க்காத பிளேன்டீ மட்டும் குடித்துப் பார்த்தபோது ஒன்றும் இல்லை. பிறகு பால்மா (பால்பொடி) கரைத்து ஒரு கோப்பை, அன்றே பழைய கூத்து. பாலில் உள்ள சர்க்கரையைச் செரிக்கும் சக்தி வளர்ந்த பிறகு நம்மில் பலருக்குக் குறைந்துவிடுகிறதாம். மேல் வயிறு எரிகிறதா, அடிவயிறு உப்புகிறதா என்று பிரித்துப் பார்த்தாலே பாதி விடை கிடைக்கும்.

தோட்டத்தில் எங்கள் அம்மா விடியும் முன்பே கொழுந்து எடுக்க மலைக்குப் போவார். பிளேன்டீக்கு முன் ஒரு துண்டு ரொட்டியாவது வாயில் போடாவிட்டால் கோப்பையைக் கையில் தரமாட்டார். சீனியைக் கரைக்காமல் உள்ளங்கையில் வைத்துத் தொட்டுத் தொட்டுக் குடிப்போம். தேயிலை மலையிலேயே வாழ்ந்தவர்களுக்கு வெறும் வயிற்றில் குடிக்கக் கூடாது என்று யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டியிருக்கவில்லை.


பூக்கடைக் கணக்கர் (24 நாள் கழித்து)

எல்லாருக்கும் நன்றி. கணக்கு எழுதுகிறவன் என்பதால் நாள்வாரியாகக் குறித்து வைத்திருக்கிறேன்.

மருத்துவரிடம் அட்டையைக் காட்டினேன். ஏன் முன்பே சொல்லவில்லை என்று சத்தம் போட்டார். வலி மாத்திரையை நிறுத்திவிட்டு, முதுகுக்குத் தடவும் மருந்தும் நான்கு உடற்பயிற்சிகளும் கொடுத்தார். ஒரு மாதத்தில் அடங்காவிட்டால் எண்டோஸ்கோப்பி என்றிருக்கிறார். பூச்சாக்குப் பக்கம் இப்போது போவதில்லை.

வயிற்று மாத்திரையை மூன்று மணிக்கு எழுந்ததும் போடுகிறேன். மூன்றரைக்கு, பஸ் ஏறுவதற்கு முன், முதல் நாள் இரவே அவித்து வைத்த இட்லி இரண்டு, நல்லெண்ணெய் மட்டும் தொட்டுக்கொண்டு. மிளகாய்ப் பொடியைத் தொட்ட இரண்டு நாள்களுக்கு எதிரே குறிப்பேட்டில் சிவப்பு மையில் குறி இருக்கிறது. அதற்குப் பிறகுதான் டீ. இரவு எட்டே முக்காலுக்குச் சாப்பிட்டு ஒன்பதுக்குப் படுத்துக்கொண்டிருந்தவன், ஏழு மணிக்கே சாப்பாட்டை முடித்துவிடுகிறேன். பேரப்பிள்ளைகள் சாப்பிடும் நேரம் அது.

மாஸ்டரிடம் லைட் டீ கேட்ட அன்று அவர் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். உடம்பு சரியில்லையா என்று கேட்டார். விவரம் சொன்னதும், புதுத் தூள் கட்டிய முதல் டம்ளரை எனக்கென்று ஒதுக்கிவிட்டார்.

கோத்தகிரி அண்ணன் சொன்னபடி ஐந்தேகால் டீயைப் பாலும் சர்க்கரையும் இல்லாமல் ஒரு வாய் குடித்தேன். கன்னம் மட்டுமல்ல, காதே இழுத்துக்கொண்டது. அந்த டீயை அன்றோடு நிறுத்திவிட்டேன். அதன் இடத்தில் தள்ளுவண்டிப் பருத்திப்பால் ஒரு டம்ளர். கருப்பட்டியும் சுக்கும் போட்டது, வயிற்றில் போய் மெத்தென்று உட்கார்ந்துகொள்கிறது. மதுரையில் பிறந்தவனுக்கு இது தோன்ற 52 வயது ஆகியிருக்கிறது. ஆறே முக்கால் டீயை விட முடியவில்லை, அரை டம்ளராகக் குறைத்திருக்கிறேன்.

24 நாளில் எரிச்சல் வந்தது ஐந்து நாள். முதல் வாரத்திலேயே இரண்டு. மிளகாய்ப் பொடி இரண்டு. மீதி ஒன்று முகூர்த்த நாள், விலை எகிறி மார்க்கெட்டே தலைகீழாக நின்றது, இட்லியை மறந்துவிட்டு நான்கு டீ குடித்திருந்தேன்.

நனைத்த தாள் சோதனையையும் செய்தேன். வீட்டில் இருந்த பொட்டலத் தூள் தப்பித்தது. ஊருக்குப் போனபோது சில்லறையாக வாங்கிய தூள் தாளை மருதாணிக் கை போல ஆக்கிவிட்டது. அதைக் கொட்டிவிட்டேன். ஆர்த்தடக்ஸ் தேயிலையும் நூறு கிராம் வாங்கினேன் அண்ணே. எனக்குப் பிடித்திருக்கிறது. ஒரு வாய் குடித்த என் மனைவிதான், வெந்நீரில் ஏதோ இலை விழுந்து கிடக்கிறது, பார்த்துக் குடியுங்கள் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.