புதுப்பிப்பு: டாம் ஆஸ்பினால், கானுடனான சண்டைக்குப் பிறகு

யூஎஃப்சி என்ற கலப்புச் சண்டை (MMA) போட்டித் தொடரின் வீரர் ஆஸ்பினாலின் வேகம் இன்றைய ஹெவிவெயிட் எடைப்பிரிவில் வேறு யாருக்கும் இல்லை என்று முன்பு எழுதியிருந்தேன். "முதல் ரவுண்டுக்குள் முடிக்க முடியாத ஆள் வந்தால்?" என்று சிலர் கேட்டிருந்தீர்கள். 2025 அக்டோபரில் அபுதாபியில் சிரில் கான் அப்படித்தான் வந்தார்.

பாவ்லோவிச்சை 69 நொடியில், பிளேட்ஸை 60 நொடியில் சாய்த்தவருக்கு இங்கே தூரமே பிடிபடவில்லை. கானின் ஜாப் (முன்கையால் நேராக விடும் குத்து) திரும்பத் திரும்ப முகத்தில் இறங்கியது, மூக்கில் ரத்தம். முதல் ரவுண்டின் 4:35-இல் கானின் விரல் ஆஸ்பினாலின் கண்ணில் குத்தி, யாருக்கும் வெற்றியில்லாமல் சண்டை நின்றது. பார்வை தெரியாதவரைத் தொடரச் சொல்ல யாருக்கும் உரிமையில்லை. தொடராததற்காக அவரைக் கிண்டல் செய்தவர்கள் மீது எனக்குக் கோபம்தான்.

யூஎஃப்சியில் அவர் இரண்டாம் ரவுண்டைப் பார்த்ததே அர்லோவ்ஸ்கியுடன் ஒருமுறைதான். அதனால் தாக்குப்பிடிப்பாரா என்ற கேள்வி இன்னும் நிற்கிறது. ஆனாலும் கானுடன் மறுபடி மோதினால் அவர்தான் ஜெயிப்பார் என்கிறேன், தரைச்சண்டைக்கு இறங்கினால். தரையில் பிடித்துப் பூட்டும் கலையான ஜியு ஜிட்சுவில் பிளாக் பெல்ட். வோல்கோவைக் கீழே தள்ளிக் கைப்பூட்டில் பணிய வைத்தவர். கானை 2022-இல் இங்கானுவும் 2023-இல் ஜோன்ஸும் கீழே இறக்கித்தான் வென்றார்கள். கண் முழுசாகத் தேறட்டும், அப்புறம் மறுபடி மோதட்டும்.