மறு: வேப்பர் ரிடார்டர் = ஆவித்தடை?

> வேப்பர் பேரியர், வேப்பர் ரிடார்டர் இரண்டுக்கும் "ஆவித்தடை" என்றே கலைச்சொல் பட்டியலில் பதியலாமா? வேலைத்தளத்தில் இரண்டும் ஒன்றுதானே.

வணக்கம் ஐயா,

ஒன்றல்ல. நீராவி சுவரை ஊடுருவுவதை வேப்பர் பேரியர் ஏறக்குறைய முற்றாகத் தடுக்கும், வேப்பர் ரிடார்டர் குறைக்க மட்டுமே செய்யும். இரண்டையும் ஒரே சொல்லில் அடைத்தால் ரொறன்ரோ போன்ற குளிர்ப்பகுதிகளில் நிலக்கீழ் அறையின் சுவர்தான் பாழாகும்.

கொங்கிறீற் மண்ணின் ஈரத்தை ஓயாமல் உறிஞ்சும். வெளிப்புறம் மண்ணுக்குள் இருப்பதால் அந்த ஈரம் பெரும்பாலும் உள்பக்கமாகவே உலர வேண்டும். மரச்சட்டத்தில் கண்ணாடிப்பஞ்சு அடைத்து, மேலே 6 மில் (0.15 மி.மீ.) பொலித்தீன் தாள் அடித்தால் உலரும் வழி அடைபடுகிறது. கோடையில் சுவரின் வெயில்படும் மேற்பகுதியிலிருந்து வரும் ஆவி தாளின் பின்புறம் நீராகி வழியும். அடிச்சட்டம் ஊறிப் பூஞ்சணம் பிடிக்கும்.

ஆவி கடத்தலின் அலகு பெர்ம். எண் குறையக் குறைய ஆவி ஊடுருவுவதும் குறையும். 0.1 வரை முதல் வகுப்பு, பொலித்தீன் அதில் சேரும். 1 வரை இரண்டாம் வகுப்பு, 10 வரை மூன்றாம் வகுப்பு. ஓரங்குல எக்ஸ்பிஎஸ் (பொலிஸ்டைரீன்) நுரைப்பலகை ஏறத்தாழ 1 பெர்ம். ஈரங்குலம் அதில் பாதி.

ஆகவே முதல் வகுப்புக்கு மட்டும் "ஆவித்தடை". மற்ற இரண்டுக்கும் "ஆவித்தணிப்பான்" என்பது என் பரிந்துரை. "தணிப்புப் படலம்" வேண்டாம். பலகையும் சுவர்ப்பூச்சும்கூட இந்த வேலையைச் செய்கின்றன.

பயன்பாட்டு விளக்கமாக இதைச் சேர்க்கலாம்: "2 அங்குல எக்ஸ்பிஎஸ் பலகையை, நுரையைக் கரைக்காத பசையால் கொங்கிறீற்றோடு இடைவெளியின்றி ஒட்டிப் பொருத்துகளை நாடாவால் மூடுக. பலகையே ஆவித்தணிப்பான், சட்டத்தின்மேல் ஆவித்தடை இடக் கூடாது." நுரை தீப்பற்றும் என்பதால் அரை அங்குல ஜிப்சம் பலகையால் மூடுவது கட்டாயம். அதன் அடி தரையைத் தொடாமல் அரை அங்குலம் உயர்ந்திருக்கட்டும்.

நீராகவே கசியும் சுவருக்கு இவை எதுவும் உதவா. முதலில் கூரைப் பீலியையும் வெளிநிலச் சரிவையும் சீராக்க வேண்டும். 18 அங்குலச் சதுரப் பொலித்தீனைச் சுவரில் நான்கு ஓரமும் ஒட்டி, 16 மணி நேரமாவது விட்டுப் பாருங்கள். பின்புறம் நனைந்தால் சுவர் ஓதம்; முன்புறம் நனைந்தால் அறைக்காற்றின் ஈரம்.

—

(மற்றொருவரின் பதில்) "ஆவித்தணிப்பான்" எனக்கும் சம்மதம். "காற்றுத்தடை"யையும் (ஏர் பேரியர்) தனியாகப் பதியுங்கள். பொருத்தில் ஒட்டும் நாடாவின் முதல் வேலை காற்றைத் தடுப்பதுதான். பனிக்காலத்தில் ஒரு விரிசல் வழியே அறைக்காற்று குளிர்ந்த கொங்கிறீற்றுக்குக் கொண்டுபோகும் ஈரம், பலகையை ஊடுருவிச் செல்வதைவிடப் பன்மடங்கு. தரைவிட்டங்கள் சுவர்மேல் அமரும் விளிம்பில்தான் இந்த ஒழுக்கு அதிகம். அங்கே தெளிப்பு நுரை அடிக்க வேண்டும் என்ற வரியையும் விளக்கத்தில் சேர்க்கக் கேட்டுக்கொள்கிறேன்.